கிழக்குக் கடலின் எரிமலையும் ஆகாயத்துக் கண்களும்

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலின் அருகே நின்று நேர் கிழக்கே நோக்குவார்க்கு நீரும் வானுமேயன்றி வேறொன்றும் தோன்றாது. சென்ற ஆண்டு மாணவர் சிலருடன் யாம் செங்கற்பட்டிலிருந்து அவ்விடஞ் சென்றிருந்தோம். மாலைப்பொழுதில் அவர்களுள் ஒருவர், "ஐயா, இவ்விடத்திலிருந்து கோடு கிழித்தாற்போலக் கிழக்கே போனால் முதலில் எந்த நிலத்தை அடைவோம்?" என்று வினவினார். ஒருவர் பர்மா என்றார். மற்றொருவர் சிங்கப்பூர் என்றார். இரண்டும் தவறு. மாமல்லபுரம் வட அட்சரேகை 12.6 பாகையில் உள்ளது. அவ்வரையிலேயே கிழக்கே செல்பவன் ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் கடலைக் கடந்து அந்தமான் தீவுகளை அடைவான். அவற்றையுங் கடந்து, சிறிது தெற்கே ஒதுங்கி, இன்னும் நூறு கிலோமீட்டர் சென்றால் 12.3 பாகையில் அவன் எதிரே நிற்பது பாரன் தீவு. பாரன் என்பதற்கு ஆங்கிலத்தில் வெறுமை, தரிசு என்பன பொருள். நம் நாட்டிலே இன்று உயிரோடிருக்கும் எரிமலை அஃதொன்றே.

அன்று மாலை கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து. நமக்கு நேர் எதிரே, கண்ணுக்கு எட்டாத தொலைவில், ஓயாது கனன்றுகொண்டிருக்கும் ஒரு மலையை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்? எவ்வாறு பார்க்கிறார்? அப்பார்வைக்குத் தப்புவது யாது? இவற்றையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

பாரன் தீவை யாம் நேரிற் கண்டதில்லை. கண்டோர் மிகச் சிலரே. மக்கள் எவரும் அங்கு வாழ்வதில்லை. முன்னொரு காலத்தில் மனிதர் கொண்டுபோய் விட்ட ஆடுகளின் சந்ததியார் மட்டும் சாம்பலுக்கும் பசும்புல்லுக்கும் இடையே குடித்தனம் நடத்துவதாகக் கேள்வி. தீவின் அகலம் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். அதன் உயர்ந்த இடம் கடல்மட்டத்திற்குமேல் 350 மீட்டருக்குச் சற்று அதிகம். நம் பரங்கிமலையைப்போல் நான்கு மடங்கு என்னலாம். ஆனால் அது மலையின் தலை மட்டுமே. உடல் முழுவதும் நீரினுள் மறைந்து, 2,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திலுள்ள கடலடியில் கால் ஊன்றியிருக்கிறது. முன்னாளிற் பெரிதாயிருந்த மலையின் உச்சி இடிந்து விழுந்தமையால் வட்டமான ஒரு மதில் எஞ்சியது. அம்மதிலின் நடுவே சாம்பலும் கற்களும் குவிந்த கூம்பொன்று பின்னர் எழுந்தது. மதில் மேற்கு முகமாக, அஃதாவது நம்மை நோக்கி, உடைந்து திறந்திருக்கிறது. எரிகுழம்பு கடலுக்கு இறங்கிவரும் வழி அதுவே.

"மாமல்லபுரத்துப் பாறைகளும் எரிமலைக் கற்களோ?" என்று கேட்பாருளர். அல்ல. ரதங்களாகவும் குகைகளாகவும் பல்லவர் குடைந்த பாறைகள் பூமியின் ஆழத்திற் பிறந்து, யுகயுகமாக மேல்மண் தேய்ந்தபின் வெளிப்பட்டவை. இவற்றிற்கு அணித்தேயுள்ள பல்லாவரத்துக் கல்லுக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னாக் என்பாரின் கல்லறை அவ்வினக் கல்லால் ஆனது. ஆதலின் 1893-இல் ஹாலந்து என்னும் நூலோர் அப்பெயரை இட்டார். இக்கற்களின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. நாம் நிற்பது அத்துணை முதிர்ந்த, அடங்கிய நிலம். இந்நிலத்தைத் தாங்கும் பெருந்தட்டின் கிழக்கு ஓரமோ அந்தமானுக்கு மேற்கேயுள்ள கடற்குழியில் மற்றொரு தட்டின்கீழ் அமிழ்ந்துகொண்டிருக்கிறது. அவ்வாறு அமிழ்வதனாலேயே பாரன் தீவின் அடியில் பாறை உருகுகிறது. அவ்வாறு அமிழ்வதனாலேயே 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் பெரும் பூகம்பமும் உண்டாயிற்று. உலையும் அதிர்ச்சியும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் என்று அறிக.

எரிமலைக்கும் நமக்கும் என்ன உறவு என்று எண்ணுவார் 1883-ஆம் ஆண்டை நினைத்தல் வேண்டும். அவ்வாண்டு ஆகஸ்டு 27-ஆம் நாள் சுந்தா நீரிணையிலுள்ள கிரகதோவா வெடித்துச் சிதறியது. 36,000-க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் கடலலையால், மாண்டனர். 4,800 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ரோட்ரிக்ஸ் தீவில் அவ்வோசை பீரங்கி முழக்கமெனக் கேட்டது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கடல்மட்டம் அளக்கும் கருவிகள் அவ்வலையைப் பதிவு செய்தன. இரண்டு வாரங்கழித்து, செப்டம்பர் 9-ஆம் நாளை அடுத்து, சென்னையிலும் தென்னாட்டின் பிற இடங்களிலும் இலங்கையிலும் சூரியன் உதயத்திலும் அத்தமனத்திலும் பச்சையாகத் தோன்றிற்று. மக்கள் அஞ்சினர் என்பதில் வியப்பில்லை. அப்பொழுது சென்னைக் கிறித்துவக் கல்லூரியிற் பௌதிகம் கற்பித்துவந்தவர் சார்லஸ் மிச்சி ஸ்மித் என்பார். பிற்காலத்திற் கொடைக்கானல் வானாராய்ச்சி நிலையத்தைத் தோற்றுவித்தவரும் அவரே. அவர் நிறமாலைகாட்டியைக் கொண்டு அப்பச்சைச் சூரியனை ஆராய்ந்து அறிவியல் இதழ்களுக்கு எழுதினார். அக்கல்லூரி தாம்பரத்திற்குப் பெயர்ந்தது 1937-இல். ஆதலின் அவர் அச்சூரியனைக் கண்டது சென்னை நகரத்திலே என்க. அந்நிறம் நீராவியாலாயதோ, எரிமலைத் தூசியாலாயதோ என்று அந்நாளில் வாதம் நிகழ்ந்தது. கிரகதோவா வெடித்த செய்தி தந்தி வழியே உடனே பரவிவிட்டது. அதன் தூசி மேகம் வானத்தில் எங்குச் செல்கிறது என்பதைத் தொடர்ந்து காண்பதற்கு மட்டும் எவர்க்கும் வழியில்லை. உலகின் பல மூலைகளிலிருந்து வந்த கடிதங்களை நாள்வாரியாக அடுக்கிய பின்னரே அது மேற்கு நோக்கிப் பூமியை வலம் வந்தது என்னும் உண்மை தெளிந்தது. அவ்வேலைக்கு ஐந்தாண்டு சென்றது. இலண்டன் ராயல் சங்கத்தார் அறிக்கை வெளியிட்டது 1888-இல்.

இனிப் பாரன் தீவுக்கு வருவோம். 1787-இல் அவ்வழிச் சென்ற கப்பலோர் அதிற் புகை எழக் கண்டு குறித்தனர். 1789-இல் ஆர்ச்சிபால்டு பிளேர் அதனைப் பார்வையிட்டார். போர்ட்பிளேர் என்னும் ஊர்ப்பெயர் அவராலாயது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதிக்குப்பின் அம்மலை நெடுந்துயில் கொண்டது. அணைந்துவிட்டது என்றே பலர் கருதியிருந்த காலத்தில், 1991 மார்ச்சு மாத இறுதியில் திடீரென விழித்துப் பல மாதம் எரிந்தது. அவ்வெரிதலை அமெரிக்கரின் லாண்ட்சாட் என்னும் செயற்கைக்கோள் ஆகாயத்திலிருந்து படம்பிடித்தது. இந்திய ஆய்வாளர் மூவர் அப்படங்களை, சிறப்பாக இரவிற் பிடித்தவற்றை, எடுத்து எரிவாயின் வெப்பத்தைக் கணக்கிட்டு 1993-இல் வெளியிட்டனர். கப்பலேறித் தீவை அணுகாமலே அதன் வாயில் வெப்பமானியை வைத்தாற்போன்ற செயல் இது. பின்னர் 1994-95-இலும், பெரும்பூகம்பம் நிகழ்ந்து ஐந்தே மாதம் கழிந்த 2005 மே மாதத்திலும் மலை மீண்டும் எரியலாயிற்று. அதன்பின் இடையிட்டு இடையிட்டு எரிந்தும் அடங்கியும் வருகிறது. 2017 ஜனவரியில் தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் கப்பலில் அவ்வழிச் சென்றபோது, பகலிற் சாம்பலும் இரவிற் செந்நிறக் குழம்பும் எழக் கண்டனர்.

நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒரு நெருப்பை அறிவது எங்ஙனம்? கொல்லன் உலையிலே இரும்பைக் காய்ச்சுவதை நோக்குக. முதலில் அது கறுப்பாகவே இருந்து கைக்குச் சூட்டைத் தருகிறது; பின் சிவக்கிறது; பின் மஞ்சளாகிறது. சூடு ஏற ஏற அது வெளியிடும் கதிரின் அளவு பெருகுவதோடு அக்கதிரின் அலைநீளமும் குறுகுகிறது. நம் தரையின் வெப்பம் ஏறத்தாழ 27 டிகிரி சென்டிகிரேட் என்றால் அதன் கதிர் 10 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டி மிகும். 1,100 டிகிரியிலுள்ள எரிகுழம்பின் கதிரோ 2 மைக்ரானை ஒட்டி மிகும். இரண்டும் நம் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிர்களே. ஆனால் தக்க கருவிக்கு இரண்டும் வெவ்வேறு நிறங்கள்.

பௌதிக மாணவர் பொருட்டு ஒரு கணக்குச் செய்து காட்டுவோம். மற்றையோர் முடிவை மட்டும் கொள்க. செயற்கைக்கோளின் கருவி நிலத்தைக் கட்டங்கட்டமாகப் பார்க்கிறது. ஒரு கட்டம் ஒரு கிலோமீட்டர் நீளமும் அத்துணை அகலமும் உடையது என்று கொள்வோம். அதன் பரப்பு பத்து லட்சம் சதுர மீட்டர். அதனுள் எங்கோ ஓரிடத்தில் பத்து மீட்டர் சதுரமான குழம்புக் குட்டை ஒன்று 1,100 டிகிரியிற் கொதிக்கிறது. எஞ்சிய இடமெல்லாம் 27 டிகிரி. குட்டை கட்டத்திற் பதினாயிரத்தில் ஒரு பங்கே. இப்பொழுது 11 மைக்ரான் அலைநீளத்திற் பார்ப்போம். பிளாங்க் என்பாரின் சூத்திரப்படி, அவ்வலைநீளத்தில் எரிகுழம்பு அதே பரப்புள்ள தரையைவிட ஏறத்தாழ 48 மடங்கே மிகுதியாக ஒளிரும். ஆகவே கட்டம் முழுவதின் ஒளி நூற்றுக்கு அரைப் பங்குதான் கூடும். வெப்பநிலையாகச் சொன்னால் மூன்றிலொரு டிகிரி. ஒரு மேகத்தின் நிழலே அதனை மறைத்துவிடும். இனி 4 மைக்ரானிற் பார்ப்போம். அங்கே குழம்பு தரையைவிட 12,000 மடங்கிற்கும் மேலாக ஒளிர்கிறது. பதினாயிரத்தில் ஒரு பங்கு பரப்பேயாயினும் கட்டத்தின் ஒளி முன்னையினும் இரண்டு மடங்கிற்கு மேலாகிவிடும். 22 டிகிரி சூடேறியது போல் அது தோன்றும். ஒரே கட்டம் ஒரு கண்ணுக்குச் சாதாரணமாகவும் மற்றொரு கண்ணுக்குக் காய்ச்சல் கண்டதாகவும் தோன்றுமாயின், அதனுள் சிறிதாயினும் மிகச் சூடான பொருள் ஒன்று ஒளிந்திருக்கிறது என்பது துணிபு. வளிமண்டலத்தின் இடையூற்றை இக்கணக்கிற் சேர்த்திலேம்.

டெர்ரா, ஆக்வா என்னும் இரு செயற்கைக்கோள்கள் முறையே 1999-இலும் 2002-இலும் செலுத்தப்பெற்றன. அவற்றிலிருந்த மோடிஸ் என்னும் கருவி இவ்விரு அலைநீளங்களிலும் பூமி முழுவதையும் நாடோறும் பார்த்தது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தார் அப்பார்வையைக் கணிப்பொறிக்கு ஊட்டி, உலகத்து எரிமலைகளிற் சூடு கண்டவற்றைத் தாமாகவே குறிக்கும் முறையொன்றை அமைத்தனர். பாரன் தீவின் எரிதல்களுட் பல அவ்வாறு குறிக்கப்பட்டவையே. நம் நாட்டு இன்சாட் கோள்களிலும், 2024 பிப்ரவரியில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற இன்சாட்-3டிஎஸ் உட்பட, 4 மைக்ரானை ஒட்டிய கண் உண்டு. அவை 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஓரிடத்தே நிலைத்து அரைமணிக்கொருமுறை பார்ப்பவை. ஆனால் அவற்றின் கட்டம் நான்கு கிலோமீட்டர். மேற்கூறிய குழம்புக் குட்டையே அக்கட்டத்தில் இரண்டு டிகிரிதான் கூட்டும். அடிக்கடி பார்ப்பது ஒன்று, கூர்ந்து பார்ப்பது மற்றொன்று. இரண்டும் ஒரு கண்ணுக்கு வாய்ப்பது அரிது.

இம்முறைக்குப் பகைகள் மூன்று. முதலாவது மேகம், வங்கக்கடலிற் பருவமழைக் காலத்தில் வாரக்கணக்காகத் தீவு புலப்படாது. இரண்டாவது சூரியன், பகலில் நீர்ப்பரப்பில் ஒளி தெறித்து 4 மைக்ரானிலும் மின்னும். எம் மாணவர் ஒருநாள் வெப்பப் புள்ளிகளைக் காட்டும் படமொன்றில் நடுக்கடலில் ஒரு புள்ளியைக் கண்டு, புதிய எரிமலை பிறந்ததென்று ஆர்ப்பரித்தனர். யாமும் சிறிது நேரம் அவர்களுடன் சேர்ந்து மகிழ்ந்தோம் என்பதை மறைப்பானேன்! அது கடல்மேற் பட்ட வெயில். மூன்றாவது பகை பிற நெருப்புக்கள். செங்கற்சூளையும் காட்டுத்தீயும் வானத்துக் கண்ணுக்கு ஒரே இனம். (செங்கற்பட்டுக்குப் பெயர் வந்தது செங்கல்லாலன்று, செங்கழுநீராலே என்று பெரியோர் கூறுவர், ஆயினும் சூளைகளுக்கு இம்மாவட்டத்திற் குறைவில்லை.) ஆளில்லாத தீவில் இம்மூன்றாம் பகை இல்லாமை ஒரு வசதி.

சூட்டையன்றி வாயுவையும் சாம்பலையும் பார்க்கும் கண்கள் உண்டு. மெக்ஸிகோவில் எல் சிச்சோன் மலை 1982-இல் வெடித்தபோது, ஓஸோனை அளக்கச் சென்ற நிம்பஸ்-7 கோளின் கருவி அம்மலை கக்கிய கந்தக டையாக்ஸைடையும் காட்டிக்கொடுத்தது. எண்ணாமற் கிடைத்த லாபம் அது. சாம்பலின் செய்தி நமக்கு இன்னும் அணித்து. அதே 1982 ஜூன் 24-ஆம் நாள், பம்பாயிலும் சென்னையிலும் கோலாலம்பூரிலும் தங்கிச் சென்ற பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானமொன்று ஜாவாவுக்கு அருகே இரவிற் பறந்துகொண்டிருந்தது. காலுங்குங் எரிமலையின் சாம்பல் மேகத்தினுட் புகுந்ததும் அதன் நான்கு எஞ்சின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. விமானத்தில் 263 உயிர்கள். சாம்பற்படலத்தினின்று கீழே இறங்கியபின் எஞ்சின்கள் மீண்டும் உயிர்பெற, ஜகார்த்தாவில் அது பத்திரமாக இறங்கியது. விமானத்தின் ராடார் ஈரமேகத்தைக் காட்டுமேயன்றி உலர்ந்த சாம்பலைக் காட்டாது. 11 மைக்ரானையும் 12 மைக்ரானையும் ஒப்பிட்டால் நீர்மேகமும் சாம்பல்மேகமும் எதிரெதிராகத் தோன்றும் என்பதைப் பிற்காலத்தறிஞர் கண்டனர். அதனைக்கொண்டே இன்று ஒன்பது நிலையங்கள் உலக வானத்தைப் பங்கிட்டு விமானிகளுக்கு எச்சரிக்கை விடுக்கின்றன. பாரன் தீவு ஆஸ்திரேலியாவிலுள்ள டார்வின் நிலையத்தின் பங்கில் அடங்குவது.

மேகத்தையும் இருளையும் ஊடுருவுவது ராடார் ஒன்றே. கோளிலிருந்து அலையை ஏவி, மலைமேற் பட்டுத் திரும்பும் எதிரொலியை அது பதிவு செய்கிறது. பல நாள் கழித்து அதே இடத்திலிருந்து மறுமுறை ஏவி, இரண்டையும் ஒப்பிட்டால், மலை சில சென்டிமீட்டர் வீங்கியிருந்தாலும் தெரியும். 2010-இல் ஜாவாவின் மெராபி மலை மேகம் மூடிய நிலையிற் பொங்கிற்று. அப்பொழுது ராடார்ப் படங்கள் உச்சியிற் குழம்புக் குவடு விரைந்து வளர்வதைக் காட்டின. அதிகாரிகள் இருபது கிலோமீட்டர் வட்டத்திலிருந்து மக்களை அகற்றினர். அங்ஙனம் தப்பியோர் பதினாயிரத்திற்கும் இருபதினாயிரத்திற்கும் இடைப்பட்டோர் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. 2025 ஜூலை 30-ஆம் நாள் நம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நிசார் என்னும் கோள் விண்ணேறிற்று. இந்தியரும் அமெரிக்கரும் கூடிச் செய்த அதற்குப் பன்னிரண்டு மீட்டர் அகலமுள்ள குடை ஒன்று உண்டு. பன்னிரண்டு நாட்களுக்கொருமுறை அதே பாதைக்கு மீண்டு வருமாறு அது அமைக்கப்பட்டது.

இவ்வளவு கண்கள் இருந்தும் தப்பிய நிகழ்ச்சியொன்றைக் கூறாது விடுதல் நேர்மையாகாது. கிரகதோவா அழிந்த இடத்திலே பின்னர் எழுந்த குட்டி மலைக்குக் கிரகதோவாவின் பிள்ளை என்று பொருள்படும் பெயரை அந்நாட்டார் இட்டனர். அது 2018 ஜூன் முதல் எரிந்துகொண்டிருந்தது. கோள்கள் அச்சூட்டைப் பலமுறை குறித்தன. டிசம்பர் 22-ஆம் நாள் இரவு அதன் தென்மேற்குச் சரிவு இடிந்து கடலில் வீழ்ந்தது. எழுந்த அலையில் நானூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எச்சரிக்கை மணி ஒலிக்கவில்லை. ஏனெனில் அம்மணி பெரும்பூகம்பத்தைக் கேட்டு ஒலிக்குமாறு அமைக்கப்பட்டது, அன்றிரவு அத்தகைய பூகம்பமே இல்லை. அச்சரிவு பல மாதமாக மெல்ல நகர்ந்துவந்தது என்பது, பழைய ராடார்ப் படங்களைப் பின்னர் எடுத்து ஆராய்ந்தபோது தெரிந்தது. கண் கண்டிருந்தது, படிப்பார் இலர். 1883-இல் நிகழ்ந்ததற்கும் இதற்கும் உள்ள வேற்றுமையை மாணவர் எண்ணிப் பார்க்க.

நம் கரையின் நிலை யாது? 2004-இல் அலை சுமாத்திராவை அடுத்த கடலிலிருந்து நம்மை அடைய இரண்டு மணிக்கும் மேலாயிற்று. அவ்வளவு நேரம் இருந்தும் அறிவிப்பார் இலராயினர். மாமல்லபுரத்திற் கடல் பின்வாங்கி மறைந்திருந்த பாறைகளைக் காட்டிய சிறுபொழுதை இன்றும் அவ்வூரார் கூறக் கேட்கலாம். அதற்குப்பின் 2007-இல் ஐதராபாத்திற் சுனாமி எச்சரிக்கை நிலையம் ஏற்பட்டது. நில அதிர்ச்சிக் கருவிகளும், கடலடியில் நீரின் அழுத்தத்தை அளக்கும் கருவிகளும், கரையோர மட்டங்காட்டிகளும் அதற்குச் செய்தி தருகின்றன. இவற்றுள் அதிர்ச்சிக் கருவியே முதலிற் பேசுவது. மலைச்சரிவால் எழும் அலையை அது அறியாமற் போகலாம். அப்பொழுது கடலடிக் கருவியும், மட்டங்காட்டியும், மலையை நாடோறும் பார்க்கும் ஆகாயத்துக் கண்ணும் தாம் துணை. பாரன் தீவு அவ்வாறு சரியும் என்று யாம் சொல்லவில்லை. அதற்கும் நமக்கும் இடையே அந்தமான் தீவுத்தொடர் நெடுஞ்சுவராக நிற்பதும் உண்மையே. ஆனால் போர்ட்பிளேரில் வாழ்வோர்க்கு அம்மலை 140 கிலோமீட்டருக்கு உட்பட்ட அயல்வீடு. அவருள் தமிழரும் பலர்.

ஐரோப்பியரின் சென்டினல்-2 கோள்கள் எடுக்கும் படங்களை எவரும் விலையின்றிக் காணலாம். இரண்டு மைக்ரானை ஒட்டிய அலைநீளத்தில் அவற்றின் கட்டம் இருபது மீட்டர். ஐந்து நாட்களுக்கொருமுறை தீவின்மேல் வருகின்றன. எம் கணிப்பொறிச் சாலையில் மாணவர் ஒரு குறிப்பேடு வைத்து, நாள், மேகத்தின் அளவு, வாயிற் செம்புள்ளி உண்டா இல்லையா என்னும் மூன்றையும் எழுதிவரத் தொடங்கியுள்ளனர். முதன்முதலிற் செம்புள்ளியைக் கண்ட நாளில் அது எள்ளளவே இருந்தது, கடற்கரையில் அக்கேள்வியைக் கேட்ட மாணவர் அதனை விரலாற் சுட்டி, "இதுதானா ஐயா, நேர் கிழக்கே இருப்பது?" என்றார். ஆம் என்றோம். அதற்கு அடுத்த நான்கு வரிகளிலும் "மேகம்" என்ற ஒரு சொல்லே எழுதப்பட்டிருக்கிறது.